சுமைதூக்கிக்குத் தெரிந்த வழி

தொலைந்த நகரத்தைத் தேடிப் போகும் பழைய சாகசக் கதைகளுக்கெல்லாம் தடம் ஒன்றுதான். பாதி எரிந்த வரைபடம் ஒன்று கையில் கிடைக்கும். துப்பாக்கியும் தொப்பியுமாக ஒருவன் கிளம்புவான். ஆற்றில் முதலை, அதைத் தாண்டினால் புதைமணல், அதற்கப்பால் ஆடும் கயிற்றுப் பாலம். கொடிகள் மூடிய கல்வாசலை விலக்கினால் உள்ளே ஒரு நகரமே கிடக்கும். தங்கச் சிலை, அதன் நெற்றியில் ஒற்றை மாணிக்கம், தொட்டவனைப் பிடிக்கும் சாபம். கடைசிப் பக்கத்தில் எரிமலை வெடிக்கும். நகரம் மண்ணுக்குள் போகும். நாயகன் மட்டும் குன்றின் மேல் நின்று திரும்பிப் பார்ப்பான்.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இந்தக் காட்டுக்குள் வளர்ந்தது. 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் முகமூடி வீரரின் காட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. பாடப் புத்தகத்துக்கு நடுவே ஒளிந்தும், வாடகை நூலகத்தில் கைமாறியும், பழைய புத்தகக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தும் அந்த மலிவுத் தாள்கள் எத்தனையோ சிறுவர்களுக்கு முதல் உலகப் பயணத்தைக் கொடுத்தன. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

என் அலமாரியில் அப்படி ஒன்று இருக்கிறது. அட்டை போய், முதல் பக்கமும் போய், பெயர்கூடத் தெரியாத கறுப்பு வெள்ளை காமிக்ஸ். அண்மையில் அதை எடுத்துப் படித்தபோது கண் நாயகனிடம் நிற்கவில்லை. கயிற்றுப் பாலம் வரும் கட்டத்தில் அவனுடைய சட்டை மடிப்பு, தாடை எலும்பு, இடுப்புக் கத்தியின் உறை என்று எல்லாவற்றையும் ஓவியர் கோடு கோடாக இழைத்திருக்கிறார். அவனுக்குப் பின்னால் சிலர் வரிசையாக வருகிறார்கள். தலையில் பெட்டி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மைத் தீற்றல். பெயர் கிடையாது. சில பக்கங்கள் கழித்து அவர்களில் ஒருவருக்கு மட்டும் பேச்சுக் குமிழ் கிடைக்கிறது. இதற்கு மேல் வரமாட்டோம், அந்தப் பக்கம் போகக் கூடாது என்கிறார். அடுத்த பக்கத்தில் அவர்கள் யாரும் இல்லை. கதைக்கும் அவர்களைப் பற்றிக் கவலை இல்லை.

ஆனால் அந்த ஒரு குமிழிலேயே கதையின் அடித்தளம் ஆட்டம் கண்டுவிடுகிறது. எதற்கு மேல் போகக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லை தெரிந்தவருக்கு இடம் தெரியாமல் இருக்குமா? அவருடைய பாட்டனுக்குத் தெரிந்திருக்கும், பாட்டனின் பாட்டனுக்கும் தெரிந்திருக்கும். அந்த வாசலைப் பற்றிய கதைகளைக் கேட்டுத்தான் அவர் வளர்ந்திருப்பார். அப்படியானால் அந்த நகரம் யாருக்குத் தொலைந்தது?

காமிக்ஸ் ஓவியர்கள் இந்தப் பார்வையைத் தாங்களாக உண்டாக்கவில்லை. அது அவர்களுக்கு முன்பே ஊறிப்போயிருந்தது. டார்சானைப் படைத்த எட்கர் ரைஸ் பரோஸ் ஆப்பிரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. 1913-இல் வெளிவந்த தொடரில் அவர் அந்தக் காட்டுக்குள் ஓபார் என்றொரு தங்க நகரத்தை வைத்தார். கடலில் மூழ்கிப்போன அட்லாண்டிஸிலிருந்து வந்தவர்கள் கட்டியதாம். சுற்றி வாழ்கிற மக்கள் கட்டியிருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கே கதையில் இடமில்லை.

கதைக்கு வெளியேயும் அப்படித்தான் நடந்தது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதிப் பீடபூமியில் சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே எழுப்பிய பெரும் மதில்கள் உண்டு. 1871-இல் அங்கே போன ஜெர்மானியப் பயணி கார்ல் மவுக், அவற்றை ஷேபா அரசியோடு முடிச்சுப் போட்டார். ஃபினீஷியர் கட்டியது என்று வேறு சிலர் எழுதினார்கள். 1905-இல் ராண்டல் மெக்ஐவரும் 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழ்ந்து பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று சொன்னார்கள். அதன் பிறகும் அங்கிருந்த வெள்ளை ஆட்சி அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் இருந்தது. ஷோனா மக்களின் முன்னோர் எழுப்பிய அந்த மதில்களின் பெயரையே 1980-இல் விடுதலை பெற்ற நாடு தனக்குச் சூட்டிக்கொண்டது. அதுதான் ஜிம்பாப்வே.

1911-இல் பெரு நாட்டு மலையில் ஹைரம் பிங்ஹாம் மாச்சு பிச்சுவை உலகுக்கு அறிவித்த கதையும் இதே வகைதான். அவர் மலையேறிப் போனபோது அங்கே உழவர் குடும்பங்கள் இருந்தன. இன்காக்கள் கட்டிய அதே படிக்கட்டு வயல்களில் அவர்கள் பயிர் வைத்திருந்தார்கள். இடிபாடுகளுக்கு வழிகாட்டி முன்னால் நடந்தவன் ஓர் உள்ளூர்ச் சிறுவன். பாடப் புத்தகங்களில் பிங்ஹாம் பெயர் இருக்கிறது. சிறுவன் பின்கட்டத்து மைத் தீற்றலாகிவிட்டான்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. நம் வீட்டு வாசலிலேயே, சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டரில், காடு மூடிய கோட்டை ஒன்று இருக்கிறது.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, நண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகிலேயே சீமைக்கருவேல முள் மண்டிய ஒரு மேடு உண்டு. சுற்றிலும் தூர்ந்துபோன அகழி. மண்ணைக் கொஞ்சம் கிளறினால் பழைய செங்கல் தலைகாட்டும். இதுதான் ஜெல்திரியா கோட்டை. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் 1610-இல் அனுமதி பெற்ற டச்சுக்காரர்கள், 1613-இல் இதைக் கட்டினார்கள். அங்கே பொறுப்பிலிருந்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சு வணிகத்தின் தலைநகரம் பழவேற்காடுதான். இங்கே நாணயம் அச்சடித்தார்கள். வெடிமருந்து ஆலை வைத்து, ஆசியாவில் தாங்கள் நடத்திய போர்களுக்கு மருந்து அனுப்பினார்கள். இந்தக் கரையின் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள்.

காமிக்ஸ் படித்து வளர்ந்த எவருக்கும் இங்குள்ள டச்சுக் கல்லறையின் வாசலில் கால் தானாக நின்றுவிடும். நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே, கொடியும் கேடயமும் கப்பலும் பொறித்த கனத்த கற்பலகைகள் வரிசையாகக் கிடக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அந்த இடம் ஒழுங்காக இருக்கிறது. செத்தவர்களுக்கு வேலியும் பெயர்ப்பலகையும் கிடைத்துவிட்டன. கோட்டைக்குக் கிடைத்தது முள்.

அங்கே தேடிக்கொண்டு நின்றபோது, கூடையோடு போன ஓர் அம்மாவிடம் கோட்டை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"நீ நிக்கிறதே கோட்டை மேலதாம்பா" என்றார். சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அவருக்கு அது செய்தியே இல்லை. பக்கத்துக் குப்பத்தின் பெயரே கோட்டைக்குப்பம். வெளியூரிலிருந்து எழுத வருகிறவர்கள் பழவேற்காட்டை மறக்கப்பட்ட துறைமுகம் என்றும் தொலைந்த நகரம் என்றும் எழுதுகிறார்கள். கோட்டைக்குப்பமும் நடுக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் அதை ஒருநாளும் தொலைக்கவில்லை. பழங்காலத்துக் கோயிலும், மரைக்காயர்களின் பள்ளிவாசல்களும், போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா ஆலயமும் இங்கே ஒரே நடைதூரத்தில் இருக்கின்றன. மூன்றிலும் இன்றும் விளக்கெரிகிறது. விளக்கு அணையாத ஊரைத் தொலைந்த ஊர் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? வந்து பார்க்காதவருக்குத்தான் வரும்.

சாகசக் கதையில் இடிபாட்டுக்குள் எப்போதும் ஒரு புதையல் இருக்கும். ஜெல்திரியாவுக்குள் இருந்த செல்வம் என்ன என்று யோசித்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஒன்று, இந்தப் பக்கத்து நெசவாளர்களின் கைத்திறன். பழவேற்காட்டின் பெயர் தாங்கிய கட்டம் போட்ட துணிகள் கடல்கடந்து உடுத்தப்பட்டன. இன்னொன்று, மனிதர்கள். பதினேழாம் நூற்றாண்டில், போரும் பஞ்சமும் இந்தக் கரையை உலுக்கிய ஆண்டுகளில், பட்டினியில் விலைபோன ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் டச்சுக் கப்பல்கள் அடிமைகளாக ஏற்றிப் படேவியாவுக்குக் கொண்டுபோயின. இன்றைய ஜகார்த்தாதான் அந்தப் படேவியா. அங்கே போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களை எந்தக் கற்பலகையும் சொல்லவில்லை. கப்பல் தலைவர்களுக்கு எழுத்துப் பொறித்த கல்லறை இருக்கிறது. அந்தக் கப்பலின் அடித்தட்டில் போனவர்களின் ஊர்கூட நமக்குத் தெரியாது. உண்மையில் தொலைந்தவர்கள் இவர்கள்தான். இவர்களைத் தேடி எந்த நாயகனும் வரைபடத்தோடு கிளம்பியதில்லை.

கோட்டையைக் கட்டியவர்கள் அதைக் காக்க எவ்வளவோ செய்தார்கள். மதில், அகழி, பீரங்கி, கடலுக்கப்பாலிருந்து ஆட்சி நடத்திய கம்பெனி. 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். பிறகு கைமாறிக் கைமாறி, 1825-இல் ஊர் முழுதாக ஆங்கிலேயர் வசமானது. இத்தனை ஏற்பாட்டுக்கும் கிடைத்த ஆயுள் இரு நூற்றாண்டுதான்.

அதே கரையில் இன்னோர் ஏற்பாடும் இருக்கிறது. அதற்கு மதில் கிடையாது. செங்கல் ஒன்றுகூட இல்லை. பெயர் பாடு.

இந்த ஏரியில் பெரும்பகுதி ஒரு மீட்டர் ஆழமே. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளரும். வளர்ந்தபின் நீரோட்டத்தோடு மறுபடி கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிக் கழி ஊன்றி வலை கட்டுகிறவருக்கு அள்ளக் கிடைக்கும். தள்ளிக் கட்டுகிறவருக்கு மிச்சம்தான். இதை வலுத்தவன் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் தினம் வெட்டுக்குத்துதான். பாடு வைத்திருக்கும் குப்பங்கள் அப்படி விடவில்லை. நல்ல இடங்களை எல்லை குறித்துப் பிரித்துக்கொண்டன. எந்தக் குப்பத்துக்கு எந்த நாள் என்று முறை வைத்தன. குப்பத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தன. இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை சாதாரண இடத்துக்குப் போவார். நேற்று வெறும் வலையோடு திரும்பியவருக்கு அடுத்த முறை முகத்துவாரம் வரும். இடம் யாருடைய சொத்தும் இல்லை, முறைதான் சொத்து. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் வலை கட்டும் மீனவர்கள் இதே போல் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள். கடலோர மக்கள் அடுத்தடுத்த கரைகளில் ஒரே நியாயத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இதுவும் ஒரு நாகரிகத்தின் கட்டுமானம் என்று தோன்றுகிறது. தொல்லியல் துறைப் பட்டியலில் இடம்பெறாத, ஆனால் இன்றும் ஆள் குடியிருக்கிற கட்டுமானம்.

இதைப் பொன்னுலகமாகக் காட்டுவது நேர்மையாகாது. பாடு எல்லோருக்கும் உரியதாக இல்லை. பட்டினவர் குப்பங்களின் ஆண்களுக்கே அந்த உரிமை வழிவழியாக வந்திருக்கிறது. ஏரியை நம்பியே வாழும் மற்றச் சாதியினரும், வேறு சமயத்தவரும் ஒதுக்கிய எல்லைக்கு வெளியே நின்றுதான் வலை போட்டார்கள். எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்ட இடங்களில் சண்டை மூண்டதும் உண்டு. பங்கிடும் அறிவு படைத்தவர்களே பங்காளி யார் என்று முடிவு செய்யும்போது கோட்டைச் சுவரைப் போல் ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். மதில் கல்லால்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அந்தக் கோட்டுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, தண்ணீர் வடிந்த நேரத்தில் ஏரிக்கரையில் நின்றாலே போதும். இருளர் பெண்கள் சேற்றில் உட்கார்ந்தபடியும் தவழ்ந்தபடியும் நகர்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் மண்ணைத் துழாவுகின்றன. விரலில் இறால் தட்டியதும் கை மேலே வந்து பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போகிறது. படகில்லை, வலையில்லை, பாடில்லை. வாயில் பறி இருப்பதால் வேலை முடியும்வரை பேசவும் முடியாது. ஆனால் இந்த ஏரியின் தரையை விரல் நுனியால் படித்தவர்கள் இவர்களைப் போல் வேறு யாரும் இல்லை. எங்கே மணல் ஏறியிருக்கிறது, எங்கே சேறு கறுத்துவிட்டது, எந்தப் பக்கம் இறால் வராமலாகிவிட்டது என்பதை எல்லாம் கருவி வைத்து அளப்பவர்களுக்கு முன்பே இவர்கள் அறிந்திருப்பார்கள். இவர்களிடம் யார் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வி இன்றைக்கு அவசரமானது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 1971-இல் முதல் ராக்கெட் கிளம்பியது. 2023-இல் சந்திரயான்-3 கிளம்பியதும் அங்கிருந்துதான். நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை, நானும் பெருமைப்படுகிறேன். அந்தத் தீவிலும் அதற்கு முன் குடியிருப்புகள் இருந்தன. அங்கிருந்த மக்கள் இடம் விட்டு எழுந்து போனார்கள் என்பதும் அந்தச் சாதனையின் கணக்கில் சேர வேண்டும். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன, அனல்மின் நிலையம் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காட்டுக் குப்பங்கள் எழுந்து நின்று எதிர்த்தன. கரை அரிப்பதையும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரிக்கு மூச்சு முட்டுவதையும் ஆண்டுதோறும் கண்ணால் பார்ப்பவர்களின் எதிர்ப்பு அது. முகத்துவாரம் அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது. குஞ்சு வராத ஏரியில் பாட்டுக்குச் சீட்டுப் போட்டும் பயனில்லை.

திட்ட வரைபடங்களைக் கூர்ந்து பார்த்தால் அந்தப் பழைய காமிக்ஸ் கட்டம் நினைவில் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கப்பல் நிற்கும் மேடை, சாலை, சேமிப்புக் கிடங்கு எல்லாம் துல்லியமான கோடுகளில் இருக்கும். வலை உலரும் மணல், படகு இழுத்து விடும் கரை, பெண்கள் இறால் தடவும் சேறு எல்லாம் ஒன்றும் எழுதாத வெற்றுப் பரப்பாக இருக்கும். அந்தக் காமிக்ஸ் காட்டில் வாழ்ந்தவர்களுக்கு முகவரி தேவைப்படவில்லை. இப்போது ஏரிக்கும் அதே கதி. ஆள் இல்லாத இடம் என்று வரைந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் செய்த காரியங்களின் முடிவில் அந்த இடம் உண்மையாகவே ஆள் இல்லாததாக ஆகிவிடும். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் வந்து, இங்கே பழவேற்காடு என்றொரு மீன்பிடி ஊர் இருந்ததாம் என்று வியந்து எழுதுவார். தொலைந்த நகரங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. எரிமலை தேவையே இல்லை.

சாகசக் கதைகள் எனக்குள் ஊட்டிய ஏக்கத்தை நான் வேண்டாம் என்று தள்ளமாட்டேன். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று துடிக்கும் மனம் நல்ல மனம். பிள்ளைகளுக்கு அது வேண்டும். பெரியவர்களுக்கும் வேண்டும். ஆனால் அந்தத் துடிப்பு முழுமையாக வேண்டுமானால், வழி தெரிந்தவரின் முகத்தையும் அதே நுணுக்கத்தோடு வரைந்தாக வேண்டும். அவர் பெயரைக் கேட்க வேண்டும். போகாதே என்று அவர் சொன்னால் ஏன் என்று நின்று கேட்க வேண்டும். அந்த எச்சரிக்கைக்குள் ஒருவேளை அந்த நகரத்தின் வரலாறு முழுவதும் இருக்கலாம்.

கோட்டைகள் விழும். துறைமுகங்கள் கைமாறும். கம்பெனிகளும் அரசுகளும் வந்து போகும். ஓர் இடத்தை உயிரோடு வைத்திருப்பது அதை அன்றாடம் மிதித்து, நீந்தி, துழாவி அறிந்தவர்களின் அறிவு. அந்த அறிவுக்கு மரியாதை இருக்கும்வரை எந்த ஊரும் தொலைவதில்லை. பாடு வைத்த குப்பத்தார் முறைப்படி பங்கிட்டுக்கொள்ளும்போது அந்த மரியாதையில் ஒரு பகுதி காப்பாற்றப்படுகிறது. கோட்டுக்கு வெளியே நிற்கும் இருளர் பெண்ணையும் அந்த முறைக்குள் அழைக்கும் நாளில் அது முழுமையாகும். நாட்டின் வரைபடம் வரைகிறவர்கள் கோடு போடுவதற்கு முன் இவர்கள் எல்லோரிடமும் வந்து கேட்கும் நாளில் அது நீதியாகும். கேட்கப்படாத மனிதர் இருக்கும் இடமெல்லாம் தொலைந்துகொண்டிருக்கும் நகரம்தான். கேட்கத் தொடங்கிய நிமிடமே அது மீட்கப்படுகிறது.